பெஞ்சுக்குக் கிடைத்த இரண்டு விநாடி

கூடைப்பந்தில் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்விட்டாலோ, எதிரணி கூடை போட்டுவிட்டாலோ, ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடர வேண்டும். அதற்கு ஐந்து விநாடி உண்டு. அதற்குள் எறியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இதை த்ரோ இன் என்பார்கள். விளையாட்டிலேயே மிகவும் சாதாரணமான வேலை அதுதான், யாரும் அதற்குக் கைதட்டுவதில்லை. அந்த வேலையை வைத்து ஒரு மனிதரை என்ன பாடு படுத்தலாம் என்பதை நான் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நாங்கள் ஏழெட்டுப் பேர். ராமேசுவரம் சாலையில் உச்சிப்புளி தாண்டி வரும் எங்கள் ஊரில் பள்ளி நாட்களிலிருந்தே ஒரே கிளப்புக்கு ஆடியவர்கள். இப்போது ஒருவரைத் தவிர எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. சாயங்காலம் கூடுவது கேப்டனின் ஐஸ் கம்பெனியில். அந்தக் காலத்தில் கேப்டனாக இருந்தவர் இன்றைக்கும் கேப்டன்தான். மீன் வண்டிகளுக்கு ஐஸ் கொடுக்கிற தொழிலில் நன்றாக வந்துவிட்டதால், அந்தப் பட்டத்தைத் திரும்பக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய அலுவலக அறையில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி இருக்கிறது. எந்த நாட்டில் கூடைப்பந்து நடந்தாலும் யாராவது ஒருவர் போனிலிருந்து அதில் ஏற்றிவிடுவார். ஒரே குறை சத்தம். அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடுகிறது. வண்டிகளில் ஐஸ் ஏற்றும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவருடைய காதில் கத்தினால்தான் கேட்கும். டிவியின் வர்ணனை யாருக்கும் கேட்காது. எங்கள் வர்ணனையை நாங்களே கத்திக் கத்திச் செய்துகொள்வோம்.

எங்களில் மூத்தவர் பி.டி. வாத்தியார். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், மாவட்டத்தில் நடக்கும் போட்டிகளுக்கு இன்னும் விசில் ஊதுகிறார். நான் நில அளவைப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஆடுகிற காலத்திலேயே எனக்கு ஆட்டத்தைவிட எழுத்து நன்றாக வரும் என்று சொல்லி என்னை மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. விதிப்புத்தகம் புதிதாக வரும்போதெல்லாம் முழுக்கப் படித்துவிடுவேன்.

இன்னொருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவரை எல்லோரும் பெஞ்சு என்றுதான் கூப்பிடுவோம். கிளப் இருந்த வருடங்கள் முழுக்க அவர் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் எங்களோடு பஸ்ஸில் வந்தார். சீருடை போட்டு, ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டி, ஆட்டம் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை திருச்சியில் ஜெயிக்க வாய்ப்பே இல்லாத அளவுக்கு நாங்கள் பின்தங்கியிருந்தோம். அப்போதாவது அவரை இறக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். இறக்கினால் தோற்றது அவரால்தான் என்று ஆகிவிடும், பாவம் என்றார் கேப்டன். எல்லோரும் சிரித்தோம். பெஞ்சும் சிரித்தார். அவர் கூடச் சேர்ந்து சிரிப்பதால்தான் இந்தக் கேலி இத்தனை வருடம் ஓடியது என்று பி.டி. வாத்தியார் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சிரிக்காமல் இருந்திருந்தாலும் ஓடியிருக்கும்.

ஒவ்வொரு வருடமும் ராமநாதபுரத்தில் நடக்கும் போட்டியின் கடைசி நாளில், பெரிய ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பழைய ஆட்டக்காரர்களுக்கென்று ஓர் ஆட்டம் வைப்பார்கள். கோப்பை கிடையாது. தோளில் ஒரு சால்வை போட்டு, கையில் ஒரு டிபன் பொட்டலம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அதிலும் பெஞ்சுக்கு இடம் கிடைத்ததில்லை. எங்கள் பழைய ஐவரில் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோன பிறகுதான் ஓர் இடம் காலியானது. இறந்தவருடைய சட்டையையே பெஞ்சுக்குக் கொடுத்தார்கள். இறந்தவர் பருத்த ஆள். பெஞ்சு தையல்காரரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டு வந்தார். செத்தவன் சட்டையைப் போட்டாவது உள்ளே வந்துவிட்டான் என்று கேப்டன் அதையும் சொல்லி முடித்தார்.

அந்த வருடம்தான் பெஞ்சு தன் மகளைத் திருவாடானைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சு அதில்தான் ஒட்டியது. மாமனாரும் கிளப்புக்கு ஆடியவர் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்று மருமகன் கேட்டபோது, ஃபார்வர்டு என்று இவர் சொல்லிவிட்டார். இதை அவரேதான் என்னிடம் சொன்னார், கடையில் யாருக்கோ மாத்திரைப் பட்டையை வெட்டிக்கொண்டே. ஆட்டத்தைப் பார்க்க மருமகன் வரப்போகிறார் என்றும் சொன்னார்.

"ஒரே ஒரு மேட்ச்சு நான் உள்ள நின்னுட்டாப் போதும்," என்றார். "அப்பறம் பெஞ்சுன்னு கூப்புடுங்க, நாயின்னு கூப்புடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல."

அதற்குப் பிறகு காலை நேரத்தில் அவர் சாலையோரமாக ஓடுவதைப் பார்ப்பேன். புது ஷூ. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள்கூட அவரை முந்திக்கொண்டு போவார்கள். ஆனாலும் நிற்காமல் ஓடுவார்.

ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நாங்கள் டிவியில் ஒரு சர்வதேச ஆட்டம் பார்த்தோம். ஆசிய அளவிலான தகுதிச் சுற்று. நம் நாட்டு அணி மேற்காசிய அணி ஒன்றோடு ஆடியது. ஐஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிச் சில விநாடிகள் இருக்கும்போது எதிரணி ஒரு கூடை போட்டு ஒரு புள்ளி முன்னால் போனது. நம் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டார். திரும்பி வந்ததும் நம் ஆள் ஒருவர் தன் கூடைக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்றார். எதிரில் ஓர் உயரமான ஆள் கையை விரித்து மறித்தான். நம் ஆள் கோட்டுக்குப் பின்னாலேயே பக்கவாட்டில் ஓடினார். மறித்தவனும் கூடவே ஓடினான். அப்போது நம் அணியின் இன்னொருவர் திடீரென்று தானும் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். முதல் ஆள் பந்தை அவரிடம் போட்டார். வெளியிலிருந்து வெளிக்கு. அவர் அதை முழு நீளத்துக்கும் எறிந்தார். அந்தப் பக்கக் கூடைக்கு அடியில் தனியாக நின்ற நம் ஆள் பிடித்துப் போட்டுவிட்டார். ஜெயித்துவிட்டோம்.

அறையில் எல்லோரும் எழுந்து கத்தினோம். பெஞ்சு மட்டும் எழவில்லை. செல்லாது என்றார். முதலில் மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கைகளை ஆட்டி மறுபடி சொன்னார். டைம் அவுட்டுக்குப் பிறகு எறிகிறவர் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது, இவர் ஓடினார். அது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு அடுத்தது.

"வெளிய நிக்கிறவன் வெளிய நிக்கிறவனுக்குக் குடுத்தா அது எப்பிடிப்பா த்ரோ இன் ஆகும்?" என்றார்.

அவர் அவ்வளவு உறுதியாகப் பேசியதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு பக்கக் கூடைக்குப் பின்னால் பழைய சரக்குக் கிட்டங்கியின் சுவர். கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் பாதம் வைக்கத்தான் இடம் இருக்கும். சுவர் கொஞ்சம் உள்வாங்கிய ஒரு மூலையில்தான் ஆள் நிற்க முடியும். மறுபக்கம் சீமைக்கருவேலம், அங்கேயும் முள் வெட்டிவிட்ட ஓர் இடம்தான். ஆகவே எங்கள் ஊரில் த்ரோ இன் என்றால் எப்போதும் அந்த ஓர் இடத்தில் அசையாமல் நின்று எறிவதுதான். கோட்டுக்குப் பின்னால் ஓட வழி கிடையாது. இரண்டு பேர் நிற்கவும் முடியாது. எங்கள் ஊரில் ஆடி வளர்ந்த யாரைக் கேட்டிருந்தாலும் பெஞ்சு சொன்னதையே சொல்லியிருப்பார்கள். கேப்டனுக்கும் விதி தெரியாது. பெஞ்சு ஒரு பக்கம் பேசினால் கேப்டன் மறுபக்கம் பேசுவார், அவ்வளவுதான். செல்லும் என்றார்.

"வச்சுக்கிருவமா?" என்றார் கேப்டன்.

"வச்சுக்கிருவோம்," என்றார் பெஞ்சு.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பந்தயத்தில் பணம் வைப்பதில்லை. தோற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஜெயித்தவர் பிறகுதான் சொல்வார். முன்னாலேயே கேட்கக் கூடாது, சொன்ன பிறகு மறுக்கவும் கூடாது. இப்படித்தான் எங்களில் ஒருவர் தன் அக்காள் மகள் கல்யாணத்தில் ஒரு பக்க மீசையோடு நின்று மொய் எழுதினார். இன்னொருவர் ஒரு வாரம் தன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பாட்டாகவே பாடிப் பேசினார். இதுவரை யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் மறுநாள் டிவி அறைக்கு வர முடியாது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

புத்தகம் என் போனில் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் படித்தேன். எதிரணி கூடை போட்ட பிறகு எறிகிறவர் கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு தூரமும் நகரலாம். கோட்டுக்குப் பின்னால் நிற்கும் தன் அணிக்காரரிடம் பந்தைக் கொடுக்கலாம். நடுவில் டைம் அவுட் வந்தாலும் இதுதான். ஆனால் ஐந்து விநாடி முதலில் எடுத்தவர் கைக்குப் பந்து வந்ததிலிருந்தே ஓடும், இரண்டாவது ஆளுக்குப் புதிதாக எண்ண மாட்டார்கள். கடைசி வரியை அப்போது யாரும் கவனிக்கவில்லை. பெஞ்சு என் கையிலிருந்து போனை வாங்கித் தானே ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கேப்டன் அன்றைக்குத் தண்டனையைச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றார். பெஞ்சு மீசையை எதிர்பார்த்தார். மீசையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார் என்றே சொல்லலாம். ஆட்டத்துக்கு முன்னால் கேட்டால்கூட எடுத்துவிடத் தயார், மருமகனிடம் பந்தயம் என்று சொன்னால் அவரும் சிரித்துவிடுவார் என்று என்னிடம் சொன்னார்.

ராமநாதபுரம் மைதானம் பெரியது. நான்கு கோடுகளுக்கும் வெளியே தாராளமாக இடம் இருக்கிறது. நாங்கள் போன வேன் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. பெஞ்சின் குடும்பம் முன்பே வந்து பார்வையாளர் படிக்கட்டில் முதல் படியில் உட்கார்ந்திருந்தது. மனைவி, மகள், மருமகன். பெஞ்சு மருமகனைக் கூட்டிவந்து எங்களுக்கு ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். வாட்டசாட்டமான பையன், மரியாதையாகப் பேசினார். தான் ஆடுவதை வீடியோ எடுக்கச் சொல்லி மருமகனிடம் கேட்டுக்கொண்டார் பெஞ்சு. கண்டிப்பாக எடுக்கிறேன் மாமா என்று அவரும் போனைக் காட்டிவிட்டுப் போனார்.

ஐந்து பேரும் உள்ளே இறங்க வேண்டிய நேரத்தில் கேப்டன் பெஞ்சின் தோளில் கை போட்டார்.

"பந்தயம் ஞாபகம் இருக்குல்ல? இன்னைக்கு நீ கோட்டுக்கு உள்ள கால் வைக்கக் கூடாது."

முதலில் சிரித்தவர் பெஞ்சுதான். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். மற்றவர்கள் நிறுத்தாததைப் பார்த்து அவர் நிறுத்தினார்.

"வெளையாடாத மாப்ள. மருமகன் வந்துருக்காரு."

"பாத்தேன். நல்ல பையனாத்தான் இருக்கான்," என்றார் கேப்டன். "ஒன்னய ஆட வேணாம்னு யாரும் சொல்லல. கடைசில எறக்குறேன். நம்ம த்ரோ இன் எல்லாம் நீதான். வெளிய நிக்கிற ரூலு ஒனக்குத்தான் நல்லாத் தெரியுமே, வெளியவே நில்லு. உள்ள மட்டும் வந்துராத."

பெஞ்சு பி.டி. வாத்தியாரைப் பார்த்தார். அன்றைய நடுவர் அவர்தான். பந்தயம் வைத்தது நீங்கள், இதில் நான் எதற்குக் குறுக்கே வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வாத்தியார் விசிலைத் துடைத்தார். அடுத்து பெஞ்சு மேசைப் பக்கம் திரும்பினார். நான் ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் இடத்தில் எங்களோடு வேனில் வந்த வேறொருவர் இறங்கினார். படியில் மருமகன் போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கினார், மறுபடி இறக்கினார்.

கடைசிக் கால்பகுதி முடியப்போகும்போது கேப்டன் சொன்னபடியே அவரை இறக்கினார். இறக்கினார் என்பது பேச்சுக்கு. ஒருவர் வெளியே வந்தார், இவர் உள்ளே போகவில்லை. அவர்கள் ஐந்து பேர், நாங்கள் நான்கு பேரும் கோட்டுக்கு வெளியே ஒருவரும். பந்து எந்தப் பக்கம் போனாலும் பெஞ்சு கோட்டை ஒட்டி வெளியிலேயே அந்தப் பக்கம் ஓடினார். மூலையில் திரும்பி, கூடைக்குப் பின்னால் சுற்றி, மறுபடி நீள வாக்கில். என் நாற்காலிக்குப் பின்னாலும் ஓடினார். பின்னால் போகும்போதெல்லாம் அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிடித்துப்போயிற்று. அவர் மூலை திரும்பும்போதெல்லாம் விசில் அடித்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரோ ரயில் வருது என்று கத்த, அடுத்த சுற்றில் நிறையப் பேர் கூவென்று ஊளையிட்டார்கள்.

மருமகன் படியிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தார்.

"சார், மாமா ஏன் உள்ள வர மாட்டேங்கிறாங்க?"

பந்தயம் என்று சொன்னேன். என்ன பந்தயம் என்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். மாமாவுக்கு முட்டி வலியோ என்று பயந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். படியில் உட்கார்ந்து பெண்களிடம் ஏதோ சொன்னார். மகள் கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா வேறெதுவுமா என்று அவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. பெஞ்சின் மனைவி எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக உட்கார்ந்திருந்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பெஞ்சு அன்றைக்கு எறிந்த பந்துகள் ஒவ்வொன்றும் சரியாகப் போய்ச் சேர்ந்தன. கையை ஏமாற்றி, மறித்தவனின் காதோரமாக, ஓடிவருகிறவரின் நெஞ்சுக்கு நேராக எறிந்தார். இத்தனை வருடமாக எந்த அணியும் அதைப் பயன்படுத்தவில்லை. கேப்டன் ஒருமுறை தன்னை மறந்து நல்ல பாஸ் என்றுகூடச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு பெஞ்சு இன்னும் வேகமாக ஓடினார்.

கடைசிச் சில விநாடிகளில் எதிரணி கூடை போட்டு ஒரு புள்ளி முன்னால் போனது. கேப்டன் டைம் அவுட் கேட்டார். நாங்கள் டிவியில் பார்த்த ஆட்டம் அப்படியே வந்து நின்றது. அதைக் கவனித்த முதல் ஆள் பெஞ்சுதான். கேப்டனிடம் வந்து சொன்னார். டிவியில் செய்தது போலவே செய்வோம், நீ எடுத்து ஓடு, நான் வெளியிலேயே நிற்கிறேன், என்னிடம் போடு, அந்தப் பக்கக் கூடைக்கு நான் எறிகிறேன். மூச்சு வாங்கியதால் விட்டு விட்டுச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோட்டுக்கு வெளியே நின்றபடியே ஆட்டத்தை ஜெயிக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரைத் தோற்கடித்த விதியே இப்போது அவர் பக்கம் இருந்தது.

"செஞ்சுருவோம்," என்றார் கேப்டன். "கடைசிப் பாஸு ஒன்னோடதுதான்."

பெஞ்சு கூடைக்குப் பின்னால் போய்த் தன் இடத்தில் நின்றார். கேப்டன் மற்ற மூவரையும் கூட்டி ஏதோ சொன்னார். ஒருவர் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். கேப்டன் அவர் முதுகில் தட்டினார். பிறகு அவரும் சிரித்தார்.

வாத்தியார் பந்தைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டுக் கையை வீசி எண்ணத் தொடங்கினார். கேப்டன் ஓடவில்லை. நின்றார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். வாத்தியாரின் கை ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. பெஞ்சு கையை நீட்டிக்கொண்டே இருந்தார். மூன்று முடிந்ததும் கேப்டன் பந்தை அவரிடம் போட்டார். பெஞ்சு பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி உள்ளே பார்த்தார். எங்கள் ஆட்கள் மூன்று பேரும் அவருக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

மறித்து நின்ற எதிரணிக்காரரே ஒன்றும் புரியாமல் கையைக் கீழே போட்டுவிட்டார். பெஞ்சு அந்தப் பக்கக் கூடையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வாத்தியார் விசில் ஊதினார்.

மைதானம் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஆட்கள் திரும்பி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். தோற்றால் என்ன, கோப்பையா கொடுக்கப்போகிறார்கள் என்றார் கேப்டன். பெஞ்சு பந்தைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் போய் அதை வாங்க வேண்டியிருந்தது. எதிரணி பந்தை எறிந்தது, மணி அடித்தது. சால்வை போட எல்லோரையும் மைதானத்தின் நடுவில் வரச் சொன்னார்கள். பெஞ்சு வரவில்லை. அவர் கோட்டுக்கு வெளியிலேயே பாதி மைதானத்தைச் சுற்றித் தன் குடும்பம் இருந்த படிக்கு நடந்து போனார். பந்தயம் ஆட்டத்தோடு முடிந்துவிட்டது, குறுக்கே போயிருக்கலாம்.

மூன்று நாள் அவர் ஐஸ் கம்பெனிக்கு வரவில்லை. அந்த மூன்று நாளும் பேச்சு அதைப் பற்றித்தான். நாங்கள் சர்வதேச ஆட்டங்களை எப்படிப் பேசுவோமோ அப்படியே பேசினோம். முதுகைக் காட்டி நிற்பது விதிப்படி குற்றமா என்று ஒருவர் கேட்டார். குற்றமில்லை என்றேன். மறித்தவர் கையைக் கீழே போட்ட பிறகு தானே உள்ளே உருட்டிவிட்டு ஓடிப்போய் எடுத்திருக்கலாமே என்றார் இன்னொருவர். எறிந்தவர் மற்றவர் தொடாமல் தானே தொடக் கூடாது என்றேன். உள்ளேயே போகக் கூடாதவன் எப்படிப் போய் எடுப்பான் என்று அதற்கும் ஒரு சிரிப்பு. கேப்டன் ஒரே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முழுசாக ஐந்து விநாடி கொடுத்தேன், அவனுக்கு எறியத் தெரியவில்லை. அதையே மருந்துக்கடை வாசலில் நின்று வாடிக்கையாளர்கள் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

நான்காம் நாள் பெஞ்சு வந்தார். வழக்கமாக உட்காரும் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஐஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்து நீட்டி டிவியில் போடச் சொன்னார். மருமகன் அனுப்பிய வீடியோ. தான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றார். தனக்கு ஐந்து விநாடி கிடைத்ததா இல்லையா என்பதை எல்லோரும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

போட்டோம். மூலையில் ஒரு மனிதர் திரும்பி ஓடுகிறார். மறுபடி ஓடுகிறார். பெரிய டிவியில் அவர் சட்டையின் தையல்கூடத் தெரிந்தது. பிறகு டைம் அவுட். பிறகு கேப்டன் பந்தோடு நிற்கிறார். படம் இந்த இடத்திலிருந்து ஆடத் தொடங்கியது. மருமகன் கை ஏன் இப்படி ஆடுகிறது, காற்றா என்று ஒருவர் என் காதில் கத்தினார். நான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் வாத்தியாரின் கையைப் பார்த்து விரல்விட்டு எண்ணினேன். மூன்று விரல் விரியும்வரை பந்து கேப்டனிடம் இருந்தது. பின்னால் ஓட்டி மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும் மூன்றுதான். பி.டி. வாத்தியார் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். கேப்டன் இரண்டு கைகளையும் தூக்கினார், சரி சரி என்பதுபோல.

பெஞ்சு எழுந்து நின்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"பாத்துக்கங்க. மூணு அவன்கிட்டயே போயிருச்சு. எனக்கு ரெண்டுதான். யாரா இருந்தாலும் ரெண்டுல எறிஞ்சுருக்க முடியாது."

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் நின்றது. வண்டியில் ஐஸ் ஏற்றி முடித்துவிட்டார்கள். அவருடைய கடைசிச் சொல் மட்டும் அந்த அறைக்குத் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

அதற்குப் பிறகு டிவியின் சத்தம் கேட்டது. மிஷினை மீறிக் கேட்க வேண்டுமென்று யாரோ முழுவதுமாக வைத்திருந்தார்கள். தூரத்தில் கூட்டத்தின் சிரிப்பு. அதற்கு முன்னால், போனுக்கு மிக அருகில், ஒரே ஓர் ஆளின் சிரிப்பு. மூச்சு முட்டி, நின்று, மறுபடி பீறிட்டு வருகிற சிரிப்பு. அது வரும்போதெல்லாம் படம் ஆடியது.

"அத்த, மாமாவப் பாருங்க அத்த. பந்த வச்சுக்கிட்டு நிக்கிறாரு பாருங்க," என்றது அந்தக் குரல்.

ஒரு பெண் குரல் மெதுவாக, "போதும் தம்பி, அந்தப் போன வைங்க," என்றது. சிரிப்பு நிற்கவில்லை. திரையில் பெஞ்சு பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சு திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ரெண்டுதான?" என்றார்.

"ரெண்டுதான்," என்றேன்.

கேப்டன் ரிமோட்டைத் தேடினார். மேசையில் இல்லை, நாற்காலிக்கு அடியிலும் இல்லை. அது மீன் கூடையின் பக்கத்தில் தரையில் கிடந்தது. பெஞ்சு குனிந்து எடுத்து அவரிடம் நீட்டினார்.